பொன்விழா நகரின் பூஜ்ய ஒழிப்பு

கணிப்பொறி உலகம் இன்றைக்கு 'லூப்', 'லூப்' என்று எதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறதோ, அது முதன்முதலில் போடப்பட்ட ஊர் எங்கள் சங்கரன்கோவில்தான். இதை அமெரிக்கா ஒப்புக்கொள்ளாது. பெங்களூரும் ஒப்புக்கொள்ளாது. ஒப்புக்கொண்டால் ராயல்டி கொடுக்க வேண்டுமே! நம்பாதவர்கள் ஆடித்தபசுக்குக் கொடியேறிய பிறகு எங்கள் ஊருக்கு வந்து பாருங்கள். கோவிலைச் சுற்றி ஜனங்கள் ஆடிச்சுற்று சுற்றிக்கொண்டிருப்பார்கள். ஆரம்பிக்கும் இடம் உண்டு. முடிக்கும் இடம் உண்டு. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று கூட்டிக்கொள்ள மடியில் புளியங்கொட்டை உண்டு. லூப் என்றால் இதற்கு மேல் என்ன வேண்டும்?

இந்த மகத்தான உண்மையைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தவர் பொன்விழா நகர் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர், உயர்திரு சங்கரசுப்பு அண்ணாச்சி அவர்கள். உலகுக்கு என்றால் சங்கக் கூட்டத்துக்கு. நான் அந்தச் சங்கத்தின் செயலாளர். தலைவர் பேசும்போது நாங்கள் யாரும் குறுக்கே பேசுவதில்லை. பேசி முடித்த பிறகு பேசலாம் என்று விதி இருக்கிறது, ஆனால் அவர் முடிப்பதில்லை. அவரே ஒரு லூப்.

பொன்விழா நகர் என்றதும் ஐம்பது வயதான நகர் என்று எண்ணிவிட வேண்டாம். கழுகுமலை ரோட்டில் மனை போட்டு விற்றவர், பெயரிலாவது பொன் இருக்கட்டும் என்று நாள் பார்த்து வைத்தது. மொத்தம் ஐந்து தெரு. சொந்தப் போர்வெல், சொந்தத் தண்ணீர்த் தொட்டி. தொட்டி நிற்பது முதல் தெருவில். அதனால் அதற்குத் தொட்டித் தெரு என்று பெயர் வந்தது. மற்றத் தெருக்களுக்கு யார் பெயரை வைப்பது என்பதில் கைகலப்பு ஆகிவிட்டதால் அவை இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று எண்ணோடு நின்றுவிட்டன. நான் இரண்டாம் தெரு.

முன்பு நல்லகண்ணு என்று ஒருவர் விடியற்காலையில் எழுந்து, தெருத்தெருவாகப் போய் வால்வைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அவர் இருந்தவரைக்கும் ஐந்து தெருவுக்கும் தண்ணீர் வந்தது. ஆனாலும் இது ஒரு பெரிய குறை. எத்தனை காலத்துக்குத்தான் படிக்காத ஒரு மனிதனின் ஞாபகசக்தியை நம்பி ஒரு நாகரிக சமுதாயம் குளிப்பது? நல்லவேளையாக அவர் மகள் வீட்டோடு இருக்கக் குருவிகுளம் போய்விட்டார். சங்கம் உடனே 'டிஜிட்டல் மயம்' ஆவது என்று முடிவெடுத்தது.

அதற்குக் கிடைத்தவள் நான்காம் தெரு இசக்கிச்செல்வி. பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே புரோகிராம் எழுதுகிறவள். அவளுக்குச் சம்பளம் பெங்களூரிலிருந்து வருவதால், சங்க வேலைக்குச் சம்பளம் தேவைப்படாது என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். ஒருமனதில் அவள் மனது சேர்க்கப்படவில்லை.

தானாகத் திறந்து மூடும் வால்வுகள் வாங்கப்பட்டன. தெரு ஐந்து, வால்வு ஆறு.

"அண்ணாச்சி, ஒண்ணு கூட வருதே?" என்றேன்.

"இருக்கட்டும் வே. கல்யாண வீட்டுல நூறுன்னா மொய் எழுதுதான்? நூத்தியொண்ணுன்னுல்லா எழுதுதான்? எதுலயும் ஒண்ணு கூட இருக்கணும். அதுதான் விருத்தி."

ஆறாவது வால்வை நகரின் கிழக்கே, சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த பொட்டலைப் பார்த்து மாட்டினார்கள். அந்தப் பொட்டல் யாருடையது என்று கேட்டதற்கு, "அது வருங்காலத்துக்குச் சொந்தம்" என்றார் தலைவர். எனக்குப் புல்லரித்தது.

பிறகு விளக்கக் கூட்டம் நடந்தது. இசக்கிச்செல்வி மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்.

"ஜாவான்னு ஒரு மொழி. அதுல எல்லாமே ஆப்ஜெக்ட். தெருன்னு ஒரு கிளாஸ் எழுதியிருக்கேன். நம்ம அஞ்சு தெருவும் அந்தக் கிளாஸச் சேந்ததுதான்."

"எல்லாத் தெருவும் ஒரே கிளாஸா?" என்று ஐந்தாம் தெருக்காரர் ஒருவர் துள்ளி எழுந்தார். ஐந்தாம் தெருவில் எல்லாம் மாடி வீடு.

"கம்ப்யூட்டருக்குள்ள மட்டுந்தான் மாமா."

அவர் சமாதானமாகி உட்கார்ந்தார்.

"அஞ்சு தெருவையும் வரிசையா ஒரு அரேல வச்சிருக்கேன். அடுக்கு டிபன்பாக்ஸ் மாதிரின்னு வச்சுக்கிடுங்க. லூப் ஒவ்வொரு தட்டாப் போயி, அந்தத் தெரு வால்வத் தொறந்து, அரைமணி நேரம் விட்டு, மூடிட்டு அடுத்ததுக்குப் போயிரும். பூஜ்யத்துல ஆரம்பிச்சு நாலு வரைக்கும்."

தலைவர் காதில் விரலை விட்டு ஆட்டினார். "எதுல ஆரம்பிச்சு?"

"பூஜ்யத்துல மாமா. அரேல மொத எடத்துக்கு நம்பரு பூஜ்யம். ரெண்டாவதுக்கு ஒண்ணு. அப்படியே போகும்."

"ஏட்டி, வெளங்குமா? புது ஏற்பாடு, நல்ல காரியம், பூஜ்யத்துலயா ஆரம்பிக்கது? எந்த ஊருலயாவது பூஜ்யத்துல வாய்ப்பாடு சொல்லிக் கேட்டிருக்கியா? ஆடிச்சுத்து சுத்துதவன் பூஜ்யம்னு எண்ணிக்கிட்டா கால எடுத்து வைக்கான்?"

"வெளிய நீங்க ஒண்ணுன்னே சொல்லிக்கிடுங்க மாமா. உள்ளுக்குள்ள மட்டும் மிஷினு பூஜ்யம்னு எண்ணும்."

"உள்ள ஒரு கணக்கு, வெளிய ஒரு கணக்கு! அந்தப் பழக்கமே நம்ம சங்கத்துல கெடையாது" என்றார் தலைவர். பொருளாளருக்கு அப்போது பார்த்து இருமல் வந்தது.

இசக்கிச்செல்வி விடவில்லை. "நம்பரே வேண்டாம்னாலும் ஒரு வழி இருக்கு. 'ஒவ்வொரு தெருவுக்கும்' அப்படின்னு மட்டும் எழுதுனாப் போதும். அதுவாவே இருக்குற எல்லாத் தெருவுக்கும் போயிட்டு வந்துரும். எங்கன ஆரம்பிக்க, எங்கன முடிக்கன்னு சண்டையே இல்ல."

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இருக்குற தெருவுக்கு மட்டுந்தான் போகுமா?"

"இல்லாத தெருவுக்கு எதுக்கு மாமா போகணும்?"

"அப்ப அது வேண்டாம். கணக்கில்லாம எதையும் செய்யப்படாது" என்றார். என்ன ஒரு நிர்வாகக் கண்டிப்பு!

அன்றே வரலாற்றுச் சிறப்புமிக்க 'பூஜ்ய ஒழிப்புத் தீர்மானம்' நிறைவேறியது. 'பொன்விழா நகரின் லூப்பானது ஒன்றில் தொடங்கி ஐந்தில் முடியும். இதனை எக்காலத்திலும் எவரும் மாற்றலாகாது.' கடைசி வரிக்குக் கீழே தலைவர் தம் கையாலேயே இரட்டைக் கோடு போட்டார். இசக்கிச்செல்வி என்னைப் பார்த்தாள். நான் விட்டத்தைப் பார்த்தேன். செயலாளரின் கடமைகளில் விட்டத்தைப் பார்ப்பது முக்கியமானது.

திறப்பு விழா அமோகமாக நடந்தது. மடிக்கணினிக்குச் சந்தனம் வைத்து, தேங்காய் உடைத்து, தலைவர் பொத்தானை அழுத்தினார். லூப் ஒன்றில் தொடங்கியது. அரேயில் ஒன்றாம் இடம் என்பது இரண்டாம் தெரு அல்லவா? என் வீட்டுக் குழாயில்தான் முதல் தண்ணீர் வந்தது. பிறகு மூன்றாம் தெரு, நான்காம் தெரு, ஐந்தாம் தெரு. அதன் பிறகு திரை முழுக்கச் சிவப்பு எழுத்து வந்து எல்லாம் நின்றுபோயிற்று.

"செவப்பா வருதே, மங்களகரம்" என்றார் தலைவர்.

"மங்களம் இல்ல மாமா, எர்ரர். அஞ்சாம் நம்பர் எடத்தக் கேக்குதிய. அரேல நாலு வரைக்குந்தான் எடம் இருக்கு. எல்லையத் தாண்டிப் போயிட்டியன்னு கத்துது. அங்கிட்டு தொட்டித் தெரு பூஜ்யத்துல கெடக்கு, அதுக்குத் தண்ணியே போகல. ஒரே ஒரு வரி. மாத்திரட்டா?"

"தீர்மானத்துல கை வைக்கப்படாது" என்றார் தலைவர். பிறகு சற்றும் தயங்காமல், "அஞ்சாம் நம்பர் எடம் இல்லேன்னா உண்டாக்கிரு. அதான் ஆறாவது வால்வு ஒண்ணு சும்மா கெடக்குல்லா? வருங்காலத் தெருன்னு பேரு வையி" என்றார்.

இல்லாத தெரு ஒன்று இவ்வாறு உண்டாயிற்று. சிவப்பு எழுத்து மறைந்தது. 'ஐந்துக்கு ஐந்து வெற்றி' என்று பச்சை டிக் வந்தது. கைதட்டல் அடங்கவே வெகுநேரம் ஆயிற்று. தொட்டித் தெருவை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று கலைந்தோம்.

மறுநாளும் அடுத்தடுத்த நாளும் அதையேதான் சொன்னோம்.

தொட்டித் தெருவில் ஆயிஷம்மாள் இருக்கிறார். வீட்டு முன்னறையில் இடியாப்பம் போட்டு விற்கிறவர். அவருடைய இடியாப்பத்தையும் தேங்காய்ப்பாலையும் பற்றி நான் இங்கே எழுதத் தொடங்கினால் கதை தடம் மாறிவிடும். பொன்விழா நகரில் பாதிப் பேருக்கு விடிவது சூரியனால் அல்ல, அந்த அடுப்பால் என்பதை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். இரண்டு வாரமாக அவர் வீட்டுக் குழாயில் தண்ணீர் இல்லை. ஒருநாள் காலிக் குடத்தோடு நேராகச் சங்க அறைக்கே வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, தொட்டி எங்க தலைக்கு மேல நிக்கி. நெறஞ்சு வழிஞ்சா எங்க மொட்டமாடிலதான் ஊத்துது. ஆனா கொழாயத் தொறந்தா காத்துல்லா வருது? இது எந்த ஊரு நியாயம்?"

தலைவர் மிகுந்த பொறுமையோடு தம் கைபேசியைக் காட்டினார். "தாயி, மனுசன் பொய் சொல்லுவான். டெக்னாலஜி சொல்லாது. இங்கன பாருங்க. அஞ்சுக்கு அஞ்சு. பச்சை டிக்கு."

"டிக்க வச்சு மாவு பெசைய முடியுமா அண்ணாச்சி?"

"ஒங்க கொழாயில ஏதாவது கோளாறு இருக்கும்."

இதை ஆராய என் தலைமையில் 'குழாய் உண்மை அறியும் குழு' அமைக்கப்பட்டது. நான் போய்க் குழாயைத் திறந்து பார்த்தேன், மூடிப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன். 'குழாய் நலமாக உள்ளது. தண்ணீர்தான் இல்லை' என்று அறிக்கை கொடுத்தேன். தலைவர் அறிக்கையின் முதல் பாதியை ஏற்றுக்கொண்டார். குழாய் நலமாக இருப்பதற்காக ஆயிஷம்மாளுக்கு வாழ்த்தும் தெரிவித்தார்.

ஆயிஷம்மாளின் முகம் சுருங்கிப்போய்விட்டது.

"ரெண்டாந்தெருவுலருந்து கொடங்கொடமாத் தூக்கி எங் கையி ரெண்டும் வீங்கிப் போச்சு. அல்லா பேரால சொல்லுதேன், ஞாயித்துக்கெழமைக்குள்ள தண்ணி வரலேன்னா வீட்டக் காலி பண்ணிட்டு புளியங்குடில தங்கச்சி வீட்டுக்குப் போயிருதேன். அங்கன அடுப்பு வச்சுக்கிடுதேன். கட்டுன வீட்ட விட்டுட்டுப் போக எனக்கு மட்டும் ஆசையா அண்ணாச்சி?"

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார். நான் கொள்கைக்காரன்தான், மறுக்கவில்லை. ஆனால் என் கொள்கை காலையில் இடியாப்பம் உள்ளே போன பிறகுதான் வேலை செய்யத் தொடங்கும். நேரே இசக்கிச்செல்வி வீட்டுக்கு நடந்தேன்.

"ஏத்தா, அந்தம்மா போயிருவாங்க போலிருக்கே. தீர்மானத்தத் தொடாம ஏதாவது பண்ண முடியுமா?"

அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். நல்ல பிள்ளைகள் அப்படிச் சிரிக்கக் கூடாது.

"தீர்மானத்துல என்ன இருக்கு மாமா? ஒண்ணுலருந்து அஞ்சு. அது அப்படியே இருக்கட்டும். பூஜ்யத்துல உக்காந்திருக்குற ஆளுக்குத்தான தண்ணி இல்ல? அங்கன தண்ணி தேவைப்படாத ஒருத்தர உக்கார வச்சுட்டு, தெரு எல்லாத்தையும் ஒரு எடம் தள்ளி விட்டுருவோம். தொட்டித் தெரு ஒண்ணாம் எடத்துக்கு வந்துரும்."

"அப்படி யாரு இருக்கா?"

"பிள்ளையாரு. அவருக்கு அபிஷேகந்தான் தனியா நடக்குல்லா?"

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நானே தீர்மானத்தை முன்மொழிந்தேன். 'எந்தக் காரியத்துக்கும் முன்னால் பிள்ளையார் இருக்க வேண்டியிருக்க, நமது அரேயில் அவர் இல்லாதது பெருங்குறை. ஆகவே, லூப்புக்கும் முன்னால், பூஜ்யத்தில் பிள்ளையார் எழுந்தருள்வாராக.'

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இது எனக்குத் தோணாமப் போச்சே! பூஜ்யத்துக்கு இருந்த தோசமும் போச்சு. ஒண்ணுலருந்து அஞ்சுங்கதும் அப்படியே நிக்கி" என்று எழுந்து நின்று கும்பிட்டார். தீர்மானம் கரகோஷத்தோடு நிறைவேறியது. சாமான்களைக் கட்டி வைத்துவிட்டு வந்திருந்த ஆயிஷம்மாள், "பிள்ளையாரு வந்தாலும் சரி, வேற யாரு வந்தாலும் சரி, எங் கொழாய்ல தண்ணி வந்தாச் சரி" என்று சொல்லி, கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை காலையில் நான் தொட்டித் தெருவில் நின்றேன். ஆயிஷம்மாள் வீட்டுக் குழாய் முதலில் செருமியது. பிறகு கொஞ்சம் செம்மண்ணைத் துப்பியது. அப்புறம் ஊற்றியது பாருங்கள்! "யா அல்லா, தண்ணி வந்துட்டு! ஏலா, தண்ணி வந்துட்டுலா!" என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவே குடத்தோடு வெளியே வந்தது. கட்டின சாமான்களை அன்றே அவிழ்த்தார். தொட்டித் தெரு, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. அதே பச்சை டிக். ஐந்துக்கு ஐந்து. எனக்கு அன்றைக்கு ஒரு ஈடு இடியாப்பம் இலவசம். வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு மகன் பாஸானபோதுகூட வந்ததில்லை.

அந்த வாரம் முடிவதற்குள் தலைவர் அவசரக் கூட்டம் கூட்டினார். ஆள் இளைத்திருந்தார்.

"வருங்காலத் தெருவுக்குத் தண்ணி போகல! இது பெரிய அநியாயம்!"

"அங்கன யாரு இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டார் ஆயிஷம்மாள்.

"இப்ப இல்ல. வருங்காலத்துல வருவாங்கல்லா? அவங்க வந்து நம்ம சட்டையப் புடிச்சுக் கேட்டா என்ன பதில் சொல்லுவிய?"

"வந்த பெறகு குடுத்துருவோம் மாமா" என்றாள் இசக்கிச்செல்வி. "பிள்ளையாரு வந்து உக்காந்ததால எல்லாரும் ஒரு எடம் தள்ளிப் போயாச்சு. வருங்காலத் தெரு இப்ப ஆறாம் எடம். லூப்பு அஞ்சோட நின்னுருது."

"அப்ப ஆறுன்னு போடு!"

"எக்காலத்திலும் எவரும் மாற்றலாகாதுன்னு இருக்கே மாமா. ரெட்டைக் கோடு வேற போட்டிருக்கிய."

தலைவர் நெற்றியைத் துடைத்தார். சட்டைப் பித்தானைத் திறந்துவிட்டார். பிறகு மேஜையைத் தட்டினார்.

"அப்ப பிள்ளையார எடுத்துரு!"

ஐந்தாம் தெருக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பூஜ்யத்துலருந்தே ஆரம்பி! பூஜ்யத்துக்கு என்ன கொறச்சல்? பூஜ்யத்தக் கண்டுபிடிச்சதே நம்ம நாட்டுக்காரன்தான்! அதுல ஆரம்பிச்சு அஞ்சுல முடி. எல்லாருக்கும் கெடச்சிருமுல்லா?"

"தோஷம் அண்ணாச்சி?" என்று நான் கேட்டேன். கூட்ட நடவடிக்கைகளில் பதிய வேண்டும் அல்லவா?

"என்ன வே தோசம்? அங்கன எலுமிச்சங்கன்னெல்லாம் வாடித் தொங்குது, இவரு தோசத்தத் தூக்கிட்டு வாராரு!"

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது.

கூட்டம் அப்படியே எழுந்து கிழக்கே நடந்தது. யாரும் கூப்பிடவில்லை. தலைவர் மட்டும் பின்னால், "அது சும்மா, ஒரு பொதுநல நோக்கத்துல" என்று சொல்லிக்கொண்டே வந்தார். வெளிப்பக்கம் மட்டும் கருவேலத்தை மறைப்புக்கு விட்டு, உள்ளே சுத்தமாக அழித்திருந்தது. சுற்றிலும் கம்பி வேலி. உள்ளே புளியங்குடியிலிருந்து வாங்கி வந்த எலுமிச்சைக் கன்றுகள், நூல் பிடித்த மாதிரி வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் வட்டப் பாத்தி. இவ்வளவு சுத்தமான அரேயைத் தன் கம்பெனியில்கூடப் பார்த்ததில்லை என்றாள் இசக்கிச்செல்வி. ஆறாவது வால்விலிருந்து இறங்கிய வாய்க்கால், முதல் கன்றில் தொடங்கிக் கடைசிக் கன்று வரைக்கும் ஒன்றையும் விடாமல் போயிருந்தது.

ஆயிஷம்மாள் முதல் கன்றின் பக்கத்தில் போய் நின்றார். மற்றவை துவண்டிருக்க, வால்வுக்கு அடியில் இருந்த அது மட்டும் கசிகிற சொட்டுத் தண்ணீரில் பச்சைப்பசேலென்று நின்றது.

"இங்கன மட்டும் மொதல் ஆளு விட்டுப் போகலியே அண்ணாச்சி?" என்றார்.

தலைவர் அவர்களின் தீர்க்கதரிசனத்தை என்னவென்று புகழ்வது? இசக்கிச்செல்வி ஒரு வரி எழுதுவதற்கு முன்பே, ஐந்து தெருவுக்கு ஆறு வால்வு வாங்கிய மகான் அவர். நானும் எத்தனையோ கல்யாண வீட்டில் நூற்றொன்று எழுதியிருக்கிறேன். நூற்றுக்கு மேலே இருக்கிற அந்த ஒன்று சாமிக்கு என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.